கிணற்றடியில் தொடங்க வேண்டிய பாடம்

உயர்நிலைப் பள்ளிப் பௌதிகத்தில் வேலை, ஆற்றல் என்னும் இரு கருத்துகளும் பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்பில் கற்பிக்கப்படுகின்றன. வழுவழுப்பான மேசை ஒன்று. அதன்மேல் ஒரு மரக்கட்டை. கட்டையை இழுக்கும் விசை. கட்டை நகர்ந்த தூரம். விசையைத் தூரத்தால் பெருக்கக் கிடைப்பது வேலை. வேலை செய்யும் திறமையே ஆற்றல். இவ்விரு வாக்கியங்களையும் மனனம் செய்து நான்கு கணக்குகளையும் போட்டுவிட்டால் பாடம் முடிந்ததாகக் கொள்ளப்படுகிறது. மதிப்பெண் பெறுவதற்கு இது போதும். ஆனால் பாலக்காட்டுக்குக் கிழக்கே எலப்புள்ளி போன்ற ஓர் ஊரில், ஐந்து குதிரைத் திறன் மோட்டாரை எடுத்துவிட்டு ஏழரைக் குதிரைத் திறன் மோட்டாரை வைக்கலாமா என்று தந்தை யோசிக்கும்போது, அதே வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை அதைப்பற்றி ஒரு சொல்லும் கூற இயலாது நிற்குமாயின், பாடம் கற்பிக்கப்பட்டது என்று கூறுவதற்கில்லை.

எலப்புள்ளியை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. கேரளம் என்றவுடன் மனத்தில் தோன்றும் ஈரமும் பசுமையும் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குப் புறத்தில் குறைந்து விடுகின்றன. பனைமரங்கள் நிற்கும் வரப்புகளும், கணவாயினூடே வீசும் வறண்ட காற்றும் கொங்கு நாட்டையே நினைவூட்டும். மழை குறைவு, கிணறும் ஆழ்குழாய்க் கிணறுமே பல தோட்டங்களுக்குத் துணை. அருகிலுள்ள சித்தூர் வட்டாரம், நிலத்தடி நீர் அளவுக்கு மிஞ்சி எடுக்கப்படும் பகுதி என மத்திய நிலத்தடி நீர் வாரியத்தால் முன்னரே வகைப்படுத்தப்பட்டதாகும். 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எலப்புள்ளியில் மது ஆலை ஒன்றுக்கு மாநில அரசு முதற்கட்ட அனுமதி வழங்கியபோது, ஊரார் எழுப்பிய கேள்விகளில் முதன்மையானது தண்ணீரைப் பற்றியதே. சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஊர்களில் தமிழ்வழி வகுப்புகளும் நடைபெறுகின்றன. நீரை எவ்வளவு ஆழத்திலிருந்து, எவ்வளவு செலவில் மேலே கொணர்வது என்பது இங்குள்ள ஒவ்வொரு குடும்பத்தின் அன்றாடக் கணக்கு. அந்தக் கணக்கின் பெயரே வேலை. பள்ளி அதை மரக்கட்டையின்மேல் ஏற்றி வைத்திருக்கிறது.

வேலை என்னும் கருத்துப் பிறந்த இடமும் மேசை அன்று. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆழமான சுரங்கங்களில் ஊறிய நீரை வெளியேற்றுவதற்கு நீராவி எந்திரங்கள் வைக்கப்பட்டன. ஒரு குறித்த அளவு நிலக்கரியை எரித்து எத்தனை ராத்தல் நீரை எத்தனை அடி உயர்த்த முடிகிறது என்பதே அந்த எந்திரங்களை ஒப்பிடும் அளவுகோலாயிற்று. ஜேம்ஸ் வாட்டும் அவருடைய கூட்டாளி போல்ட்டனும், பழைய எந்திரத்தைக் காட்டிலும் தங்கள் எந்திரம் மிச்சப்படுத்திய நிலக்கரியின் விலையில் மூன்றிலொரு பங்கையே தங்கள் ஊதியமாகப் பெற்றனர். குதிரைத் திறன் என்னும் அளவையை, நிமிடத்துக்கு 33,000 அடி-ராத்தல் என்று வாட் வரையறுத்ததும் இச்சூழலில்தான். இப்பெருக்குத் தொகைக்கு வேலை என்ற பெயரைக் கோரியோலிஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1829-இல் நிலைநாட்டியபோது, அவர் தேர்ந்தெடுத்தது கூலியாள் செய்யும் உழைப்பைக் குறிக்கும் சாதாரணச் சொல்லையே. கிணற்றிலிருந்து நீர் இறைப்போரின் கேள்விக்கு விடையாக வந்த கருத்தைக் கிணற்றடியிலேயே தொடங்கிக் கற்பிப்பது புதுமையன்று. அது பழைய வழிக்குத் திரும்புவதே.

மின்மோட்டார் பரவுவதற்கு முன் இப்பகுதியில் நீர் இறைத்த கவலையை எடுத்துக்கொள்ளலாம். ஊர்ப் பெரியோர் பலருக்கு அது இன்னும் நினைவில் உண்டு. கிணற்றின் வாயில் உருளை, உருளையின்மேல் வடம், வடத்தின் ஒரு முனையில் சால், மறுமுனையில் ஒரு சோடி எருது. எருதுகள் கிணற்றைவிட்டு விலகிச் சரிவுப் பாதையில் இறங்கும்போது சால் மேலேறுகிறது. சால் வெறுமையானதும் எருதுகள் பின்னோக்கி நடந்து மேடேறுகின்றன. சால் மீண்டும் நீரில் அமிழ்கிறது. பாதை ஏன் சரிவாக வெட்டப்பட்டது? கவலை ஓட்டுபவர், எருதுகள் இறங்கும்போது வடத்தின்மேல் ஏறி அமர்வது ஏன்? இவ்விரண்டு கேள்விகளையும் வகுப்பில் கேட்டுவிட்டு ஆசிரியர் சற்று மௌனமாக இருத்தல் நலம்.

சால் 100 லிட்டர் கொள்வதாகவும், நீர்மட்டம் 10 மீட்டர் ஆழத்தில் இருப்பதாகவும் வைத்துக்கொள்ளலாம். நீரை மேலே உயர்த்தச் செய்ய வேண்டிய வேலை, 100-ஐ 9.8-ஆலும் 10-ஆலும் பெருக்கிய தொகை. அதாவது 9,800 ஜூல். எருதுகள் இரண்டும் சேர்ந்து 600 கிலோ எடை; பாதையின் சரிவு மேலிருந்து கீழ்வரை ஒன்றரை மீட்டர். எனில் எருதுகள் இறங்கும்போது அவற்றின் உடல்கள் இழக்கும் நிலையாற்றல் 8,820 ஜூல். வடத்தில் அமர்ந்த 60 கிலோ மனிதர் தருவது இன்னும் ஏறக்குறைய 880 ஜூல். கூட்டினால் 9,700. நீர் பெற்றதும் இவர்கள் இழந்ததும் ஏறக்குறைய ஒன்றே! உருளையின் உராய்வுக்கும் கயிற்றின் முரண்டுக்கும் ஈடாக மட்டுமே எருதுகள் இறங்கும்போது தசையால் இழுக்கின்றன.

அப்படியாயின் எருதுகள் வேலை செய்யவில்லையா என்று ஏதேனும் ஒரு மாணவர் கேட்பார். கேட்கவில்லையானால் ஆசிரியரே கேட்க வேண்டும். விடை, திரும்பி மேடேறும் வழியில் இருக்கிறது. வெறுஞ்சால் இறங்கும் அந்நேரத்தில் எருதுகள் தங்கள் உடலையே ஒன்றரை மீட்டர் உயர்த்துகின்றன; 8,820 ஜூல் அங்கே செலுத்தப்படுகிறது. ஓட்டுபவரும் தம் கால்களால் ஏறி வருகிறார். கொடுத்தது ஏறும்போது, நீருக்குப் போய்ச் சேர்ந்தது இறங்கும்போது, இடைப்பட்ட நேரத்தில் அது எருதின் உயரத்தில் சேமிப்பாக இருந்தது. முதலுக்கு மூலம் எங்கே என்று இன்னும் பின்னோக்கித் தேடினால், தொட்டியில் கிடந்த வைக்கோலும் பிண்ணாக்கும். அவற்றுக்கும் முன்னே வெயில். நிலையாற்றல், வேலை, ஆற்றல் மாற்றம், உராய்வால் வரும் இழப்பு ஆகிய நான்கையும் ஒரே காட்சியில் காட்டக்கூடிய எடுத்துக்காட்டு வேறெதுவும் பாடநூல்களில் இல்லை. எருதின் எடையையும் சரிவையும் முன்னோர் தராசு வைத்து நிறுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆயினும் சரிவு மிகுந்தால் எருதுக்கு ஏறுவது கடினம், குறைந்தால் இழுப்பது கடினம் என்பதை அவர்களின் பாதை அறிந்திருந்தது.

இவ்விடத்தில் சொற்களைப் பற்றிக் கொஞ்சம் கவனம் தேவை. பேச்சு வழக்கில் சக்தி என்னும் ஒரு சொல் விசைக்கும், ஆற்றலுக்கும், திறனுக்கும் ஒருங்கே வழங்குகிறது. ஒருவன் சக்தியோடு தள்ளினான் என்றால் விசை. நீர்மின்சக்தி என்றால் ஆற்றல். மோட்டாரின் குதிரைச் சக்தி என்றால் திறன். பாலக்காட்டு மாணவருக்கோ மலையாளத்தின் பிரவிருத்தியும் ஊர்ஜமும் கூடவே காதில் விழுகின்றன. கலைச்சொல்லை மாற்றிக்கொண்டே இருப்பதால் தெளிவு வந்துவிடாது. ஒவ்வொரு சொல்லையும் ஒரு கேள்வியோடு பிணைப்பதே நல்லது. எவ்வளவு பலமாக இழுக்க வேண்டும் என்பது விசை. மொத்தம் எவ்வளவு செலவாகும் என்பது வேலை. எவ்வளவு விரைவில் செலவாகிறது என்பது திறன். கையிருப்பு எவ்வளவு என்பது ஆற்றல்.

வேலை என்ற சொல்லோடு வேறொரு தொல்லையும் வருகிறது. மூட்டையைத் தலையில் தாங்கி அசையாமல் நிற்கும் சுமட்டுத் தொழிலாளி வேலை ஏதும் செய்யவில்லை என்று பாடநூல் கூறுகிறது. அவருடைய வியர்வையைக் கண்ட மாணவர், பௌதிகம் என்பது உண்மைக்குப் புறம்பான ஏதோ ஒரு விளையாட்டு என்றே முடிவு செய்கிறார். பெரும்பாலான ஆசிரியர்கள் இவ்விடத்தை விரைந்து கடந்து விடுகின்றனர்; அது தவறு. மூட்டையின்மீது செய்யப்பட்ட வேலை சுழி என்பது உண்மை. ஆனால் உடலுக்குள் தசையின் நுண்ணிழைகள் ஓயாது பற்றியும் விடுத்தும் மீண்டும் பற்றியும் நிற்கின்றன. உணவினால் வந்த ஆற்றல் அங்கே வெப்பமாகச் செலவாகிறது. அதே மூட்டையைச் சுவரில் அடித்த ஆணி தாங்கினால் ஆணிக்குச் சோறு வேண்டியதில்லை. ஆகவே வேலை நடந்ததா என்று கேட்பதில் பொருளில்லை. எது எதன்மீது செய்த வேலை என்று கேட்க வேண்டும். இந்த ஒரு பழக்கத்தை மாணவரிடம் ஊன்றிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. (சுமை தூக்காமல் பார்த்து நின்றதற்குக் கேட்கப்பட்டு வந்த நோக்குகூலியைக் கேரள அரசு 2018-இல் தடை செய்தது. கூலியின் கணக்கும் பௌதிகத்தின் கணக்கும் வேறு வேறு என்பதற்கு இதைவிட எளிய சான்று வகுப்பில் கிடைப்பது அரிது.) நிரம்பிய வாளியைக் கிணற்றுக்குள் மெல்ல இறக்கும்போது கயிறு மேல்நோக்கி இழுக்க, வாளி கீழ்நோக்கிச் செல்கிறது, கயிறு வாளியின்மீது செய்யும் வேலை எதிர்க்குறி உடையது. கயிறு நழுவினால் உள்ளங்கை சுடுகிறதல்லவா, வாளி இழந்தது அங்கே வந்து சேர்ந்தது.

இனி மோட்டாருக்கு வரலாம். மின்வாரியம் ஒரு யூனிட் என்று கணக்கிடுவது 36 லட்சம் ஜூல். 1,000 லிட்டர் நீரை 10 மீட்டர் உயர்த்த 98,000 ஜூல் போதும். ஒரு யூனிட்டில் நூற்றில் மூன்று பங்கும் ஆகாது. அதே நீர் 100 மீட்டர் ஆழத்திலிருந்து வரவேண்டுமானால் 9,80,000 ஜூல். மோட்டாரும் பம்பும் குழாயும் சேர்ந்து, வாங்கிய ஆற்றலில் நூற்றுக்கு நாற்பதையே நீருக்குத் தருவதாகக் கொண்டால், ஏறக்குறைய 0.68 யூனிட் செலவாகிறது. கம்பியிலிருந்து 3,730 வாட் எடுக்கும் ஐந்து குதிரைத் திறன் மோட்டார் இதைப் பதினொரு நிமிடத்தில் செய்யும். ஏழரைக் குதிரைத் திறன் மோட்டார் ஏழு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் செய்யும். தொட்டி விரைவில் நிரம்பும். ஆயிரம் லிட்டருக்கு ஆகும் செலவு குறையாது. குழாய்க் கிணற்றின் ஊற்றும் பெருகாது. முதற் பத்தியில் கூறிய தந்தைக்குப் பிள்ளை சொல்லக்கூடிய விடை இவ்வளவே. நீர்மட்டம் பத்து மடங்கு இறங்கினால் செலவும் பத்து மடங்கு ஏறும் என்பதை மோட்டார் விற்பவர் எடுத்துரைப்பார் என்று எதிர்பார்க்க இயலாது. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 1990 முதல் வேளாண் பம்புகளுக்கு மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்பட்டு வருகிறது. கட்டணச் சீட்டு வராத இடத்தில் இக்கணக்கைக் கற்பிக்கும் இடம் பள்ளி ஒன்றே.

அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று தொடர்ந்து கேட்கலாம். கேரளத்தின் நீர்மின் நிலையங்களுள் பெரியது இடுக்கித் திட்டம். 1976-இல் இயங்கத் தொடங்கியது. மூலமற்றத்தில் நிலத்துக்கு அடியிலுள்ள நிலையத்தில் 130 மெகாவாட் வீதம் ஆறு எந்திரங்கள், மொத்தம் 780 மெகாவாட். குறவன், குறத்தி என்னும் இரு குன்றுகளுக்கிடையே நிற்கும் வளைவு அணையின் உயரம் ஏறக்குறைய 169 மீட்டர். அந்த உயரத்திலிருந்தே நீர் விழுகிறது என்றுதான் மாணவர் பெரும்பாலும் எண்ணுவர். உண்மையில் நீர் குளமாவில் எடுக்கப்பட்டு, மலையைக் குடைந்த வழியே மறுபுறம் சென்று, ஏறக்குறைய 660 மீட்டர் இறங்கி எந்திரத்தைச் சுழற்றுகிறது. சென்ற வழி எத்தனை வளைந்தாலும் கணக்கில் வருவது உயர வேறுபாடு ஒன்றே என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

ஒரு கன மீட்டர் நீர் அங்கே இறங்கும்போது ஏறக்குறைய 65 லட்சம் ஜூலை, அதாவது 1.8 யூனிட்டை, இழக்கிறது. எந்திரத்தில் போனது போக ஒன்றரை யூனிட் அளவு மின்சாரமாகிறது. கம்பியில் பத்திலொரு பங்கு குறைவதாகக் கொண்டால் மிகுவது, எலப்புள்ளியில் 100 மீட்டர் ஆழத்திலிருந்து இரண்டு கன மீட்டர் நீரை ஏற்றும். தேவிகுளம், பீருமேடு மலைகளில் தமிழ்வழியில் படிக்கும் மாணவரும் பாலக்காட்டுச் சமவெளி மாணவரும் ஒரே கணக்கின் இரு முனைகளில் அமர்ந்திருக்கின்றனர். 65 லட்சத்தில் நீருக்குத் திரும்பியது 20 லட்சம்கூட இல்லை. எஞ்சிய 45 லட்சம் எங்கே? எந்திரத்தின் தாங்கியிலும், மலையிறங்கும் கம்பியிலும், மோட்டாரின் சுருளிலும், குழாயின் சுவரிலும் வெப்பமாயிற்று. சற்று நேரம் ஓடிய மோட்டாரின் உடலைத் தொட்டுப் பார்த்தால் அதில் ஒரு பங்கு கையில் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க மலம்புழை இருக்கிறது. சென்னை இராஜ்யத்தில் பாலக்காடு சேர்ந்திருந்த காலத்தில், 1955-இல் திறக்கப்பட்ட அவ்வணையின் கால்வாய்களில் நீர் மோட்டார் இல்லாமலே வயலுக்கு இறங்குகிறது. உயரத்தை மலையும் மழையும் தந்துவிட்டன.

வெப்பமான அந்த 45 லட்சம் ஜூலை நினைத்தால், ஆற்றல் என்பது வேலை செய்யும் திறமை என்ற இலக்கணம் தடுமாறுவது விளங்கும். காற்றிலும் மண்ணிலும் கலந்துவிட்ட வெப்பம் அளவில் சிறிதும் குறையவில்லை. ஆயினும் அதைக்கொண்டு ஒரு வாளி நீரையும் உயர்த்த இயலாது. ஆற்றல் அழியாது என்று ஒரு பக்கத்திலும், வேலை செய்யும் திறமையே ஆற்றல் என்று மறுபக்கத்திலும் கூறும் பாடநூல், அத்திறமை குறைந்துகொண்டே போவதற்கு விடை கூறாமல் விட்டுவிடுகிறது. அமெரிக்காவில் பௌதிக ஆசிரியர்களுக்கென வெளிவரும் இதழொன்றில் ராபர்ட் லேர்மன் 1973-இல் இக்குறையைத் தலைப்பிலேயே சுட்டிக்காட்டி எழுதினார். ஒன்பதாம் வகுப்பில் முழுமையான இலக்கணம் வேண்டியதில்லை. ஆற்றல் என்பது வரவும் செலவும் எப்போதும் ஒத்துவரும் ஒரு கணக்கு. அதன் வடிவங்கள் மாறும், தொகை மாறாது. ஆனால் சில வடிவங்கள் மற்றவற்றைவிடப் பயன் குறைந்தவை. இவ்வளவு போதும்.

இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதை நம்ப வைப்பதற்கு ஒரு தட்டுக் குழைந்த களிமண் போதும். கால் மீட்டர் உயரத்திலிருந்தும் ஒரு மீட்டர் உயரத்திலிருந்தும் ஒரே இரும்புக் குண்டை விழவிட்டால், இரண்டாவது முறை வேகம் இருமடங்கு. மண்ணில் விழும் குழியின் கொள்ளளவோ நான்கு மடங்கை ஒட்டியிருக்கும். லைடன் நகரத்தில் ஸ்கிராவசாண்டே 1720-களில் இதைச் செய்துதான் ஒரு நீண்ட வழக்கை முடிவுக்குக் கொணர உதவினார். கஞ்சிக்கோட்டில் கணவாய்க் காற்றில் சுழலும் காற்றாலைகளைக் காட்டி மேலும் ஒரு படி செல்லலாம். வேகம் இருமடங்கானால் நொடிக்கு வந்து சேரும் காற்றும் இருமடங்காவதால், கிடைக்கும் திறன் எட்டு மடங்காகிறது.

கிணற்றடிக்கு அழைத்துச் செல்ல நேரமில்லை, தேர்வில் இவை கேட்கப்படுவதில்லை என்பது ஆசிரியர் தரப்பின் மறுமொழி. முதற்பகுதியை ஏற்பதற்கில்லை, மேற்கூறிய கணக்குகள் அனைத்தும் மூன்று வகுப்பு நேரத்துக்குள் அடங்குவன. இரண்டாவது பகுதியில் நியாயம் உண்டு. ஆனால் வாய்பாட்டை ஒப்பித்து வென்றவரின் நிலை என்ன? வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாசனும் மெக்டர்மட்டும் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், வேலை-ஆற்றல் பாடத்தைக் கல்லூரியில் பயின்ற மாணவர்களின் முன்னே நிறை வேறுபட்ட இரு தட்டுகளை ஒரே விசையால் ஒரே தூரம் தள்ளிக் காட்டி, எதற்கு இயக்க ஆற்றல் மிகுதி என்று வினவினர். இரண்டுக்கும் சமம் என்பதை வேலையைக் கொண்டு விளக்கப் பலராலும் இயலவில்லை. சூத்திரம் அவர்களுக்குத் தெரியாததன்று. கண்முன் நிகழ்வதோடு அதைப் பொருத்தத் தெரியவில்லை.

விரிவாக்கப் பணியாளரும் வேளாண் அலுவலரும் மின்வாரிய ஊழியரும் இதில் செய்யக்கூடியது சிறிது உண்டு. பள்ளிக்கு வந்து சொற்பொழிவு ஆற்ற வேண்டியதில்லை. வட்டாரத்தில் இயங்கும் ஏதேனும் ஒரு பம்பின் பெயர்த் தகட்டில் உள்ள எண்களையும், நீர்மட்டத்தின் ஆழத்தையும், 200 லிட்டர் பீப்பாய் நிரம்ப ஆகும் நேரத்தையும், மின்மானி காட்டும் அளவையும் ஒரு தாளில் குறித்து அறிவியல் ஆசிரியரிடம் கொடுத்தால் போதும். கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் அளந்தால் இன்னும் நன்று. அவ்வூர்ப் பள்ளியின் அரையாண்டு வினாத்தாளில் மரக்கட்டை இருந்த இடத்தில் அந்த எண்களை இட்டு, பம்பு வாங்கிய ஆற்றல் எவ்வளவு, நீர் பெற்றது எவ்வளவு, மீதி எங்கே போயிற்று என்று கேட்பதற்கு எந்தத் துறையின் ஆணையும் தேவையில்லை.